வெயில் விழும் இடத்தில் நில்லுங்கள்: கொடைக்கானல் சோலைகளில் பனிக்காலப் பறவை நோக்கல்

சோலைக்காட்டுக்கு, அதாவது உயர்ந்த மலைகளின் பள்ளங்களில் வளரும் குட்டை மரப் பசுங்காட்டுக்கு, பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கண்மாய்ப் பழக்கத்தோடு வருகிறார்கள். சமவெளியில் அது சரி. விடியுமுன் கரையில் நின்றால் வாத்தும் நாரையும் கண்ணெதிரே இருக்கும். தை மாதக் கொடைக்கானலில் அதே கணக்கில் ஆறு மணிக்குச் சோலைக்குள் நுழைந்தால் கிடைப்பது இருட்டும், கழுத்தில் சொட்டும் பனியும், விறைத்த விரல்களும்தான். குளிரில் பூச்சி பறக்காது. பூச்சி பறக்காதபோது ஈபிடிப்பானுக்கு அங்கே என்ன வேலை? மலையில் பனிக்கால நாளை நடத்துவது வெயில். எந்தச் சரிவில் அது முதலில் விழுகிறது, எப்போது பள்ளத்துக்குள் இறங்குகிறது, எத்தனை மணிக்கு மேகம் வந்து மூடுகிறது என்று பார்த்து அதற்கேற்ப நின்றால், நாள் முழுக்க நான்கு கிலோமீட்டர் நடந்தாலே போதும்.

எப்போது போவது

பழனிமலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு நிற்கும் கிளை. ஆகவே வடகிழக்குப் பருவமழை இங்கே நன்றாகவே பிடிக்கும். அக்டோபரிலும் நவம்பரிலும் வந்தால் மழையோடும் அட்டையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இமயமலைப் பக்கத்திலிருந்து வலசை வரும் கதிர்க்குருவிகளும் வாலாட்டிகளும் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகின்றன என்றாலும், நிதானமாக நின்று பார்க்க மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் தோதான காலம். மார்ச் நெருங்கினால் காட்டுத்தீ அபாயத்தால் வனத்துறை நடைபாதைகளை மூடிவிடுவது உண்டு.

பொங்கல் விடுமுறையில் ஏரிச் சாலையில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அந்த நாட்களில்தான் வருகிறது. அதில் கலந்துகொள்கிறவர்கள் ஊரை விட்டு விலகிய சாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் செவ்வாய், புதன் போல வார நடுவில் ஒரு நாளைப் பிடிப்பது நல்லது.

வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேரிஜம் ஏரிப் பக்கம் போக வனத்துறை அனுமதிச் சீட்டு தனி. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. சோலைகள் பெரும்பாலும் காப்புக்காடு, ஆகவே தடம் தெரிகிறதே என்று உள்ளே இறங்கக் கூடாது. இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சோலைப் பறவை அதிகம் தெரிவது சோலையின் விளிம்பில்தான், விளிம்பை ஒட்டிச் சாலை இருக்கிறது. பாம்பே சோலையைத் தொட்டுப் போகும் சாலைகளும், வட்டக்கானல் போகும் வழியும் ஒரு நாளுக்குத் தாராளம்.

கையில் இருக்க வேண்டியவை

பைனாகுலர் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: சோலைக்கு 8x42. கடையில் 10x42 வாங்கச் சொல்வார்கள், பெரிதாகத் தெரியுமே என்று. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். கணக்கு எளிது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 8x42-ல் 5.25, 10x42-ல் 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10x25-ல் வெறும் 2.5. இருட்டுக் காட்டில் கண்பாவை நன்றாக விரிந்திருக்கும், 2.5 மி.மீ. ஒளியில் கருநீலப் பறவை வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். எட்டு மடங்கில் பார்வைப் பரப்பு அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். குளிரில் கை நடுங்கும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மீட்டர் அருகில் இருப்பதையும் துல்லியமாகக் காட்டும் கருவியாகப் பாருங்கள். சோலையில் நல்ல பறவை பல நேரம் காலடிக்குப் பக்கத்துப் புதரில்தான் இருக்கும்.

வாங்கிய அன்றே அதைக் கண்ணுக்குப் பொருத்திவிட வேண்டும். கண்ணாடி அணிகிறவர்கள் கண்வளையத்தை உள்ளே தள்ளி வைக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே இழுத்துவிட வேண்டும். இருபது மீட்டர் தொலைவில் ஒரு பெயர்ப் பலகையைப் பாருங்கள். வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மதியத்துக்குள் தலைவலிக்கிறது என்பார்கள்.

கம்பளிக் குல்லா காதை மூடக் கூடாது. சோலையில் பத்தில் எட்டுப் பறவையை முதலில் கண்டுபிடிப்பது காதுதான். காதுக்கு மேலே நிற்கும் குல்லாவும், கழுத்துக்கு மஃப்ளரும் போதும். நடக்கும்போது சரசரக்கும் நைலான் ஜாக்கெட்டை விடுதியிலேயே விட்டுவிட்டு, இரண்டு மூன்று அடுக்காகப் பருத்தியும் கம்பளியும் போடுங்கள். பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கான்வாஸ் காலணி பனிப்புல்லில் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தை, மாசியில் அட்டை குறைவு. ஆனால் காட்டுமாடு மேயும் புல்லில் உண்ணி உண்டு. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் அனுமதிப்பதில்லை.

கேமரா எடுத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவையை முதலில் பைனாகுலரில் பார்த்து முடியுங்கள். கேமராவைத் தூக்கிக் குவியம் தேடும் நேரத்தில் பறவை அடையாளம் தெரியாமலே போய்விடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள்.

6.30 முதல் 8 வரை: சாலை

ஜனவரி நடுவில் கொடைக்கானலில் சூரியன் உதிப்பது 6.40 வாக்கில். அந்த நேரத்தில் சோலைக்குள் கண் தெரியாது. சோலையை ஒட்டிய ஆளில்லாத சாலையில் மெதுவாக நடந்து, முப்பது மீட்டருக்கு முன்னால் தரையைப் பாருங்கள். இலைக்குப்பை ஓரத்தில் கிளறும் காட்டுக்கோழி, கரும்பூங்குருவி, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் உடல் முழுக்கப் பிறைபோன்ற கோடு போட்ட நீலகிரிப் பூங்குருவி, எல்லாம் முதல் வண்டி வரும்வரைதான் வெளியே நிற்கும். வளைவுக்கு முன் நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பது பழக வேண்டிய வித்தை. ஓடையும் சிறு பாலமும் உள்ள இடத்தில் சாம்பல் வாலாட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அது வலசை வந்த விருந்தாளி, ஆனால் வந்த இடத்தில் அதிகாரம் பண்ணும். தன் ஓடைத்துண்டுக்கு இன்னொன்று வந்தால் விரட்டியே தீரும்.

சோலைக்கிளியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான் நேரம். பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியைத் தேட வேண்டாம். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. இது கருநீல உடலும் வெள்ளை வயிறும் கொண்ட, குருவியைவிடக் கொஞ்சம் பெரிய தரைப்பறவை. விடிந்தும் விடியாத வேளையிலும் இருட்டும் முன்னும் ஓடை ஓரத்து ஈரத் தரையில், குறிஞ்சிப் புதரடியில் ஓடி ஓடி நிற்கும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்தால் அதுவே வெளியே வரும், தேடிப் போனால் வராது. இருபது நிமிடம் ஒரே கல்லில் உட்காரப் பொறுமை இல்லாதவர்கள் இதை மறந்துவிடலாம்.

8 முதல் 10.30 வரை: வெயில் விளிம்பு

நாளின் சாரம் இந்த இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. ஆகவே கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த சரிவில் உள்ள சோலை விளிம்பு முதலில் சூடாகும். முந்தின நாளே கைபேசித் திசைகாட்டியை வைத்து அப்படி ஓர் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரே கொஞ்சம் திறந்த வெளி, முன்னால் புதர், பின்னால் உயர்ந்த மரம், பக்கத்தில் ஓடைச் சத்தம் இல்லாத இடம். ஓடை இரைந்தால் மெல்லிய குரல்கள் காதில் விழாது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாமே நிழலுருவம்.

அங்கே போய் நில்லுங்கள். நடக்காதீர்கள்.

வெயில் மரத்தலையில் பட்டு, மெல்லக் கீழே இறங்கும். அது படும் கிளைகளில் பூச்சிகள் அசையும், பறவைகள் அந்தக் கோட்டைத் தொடர்ந்து இறங்கும். முதலில் வெள்ளைக்கண்ணிகளின் கிசுகிசுப்பு கேட்கும். அது கேட்டால் கலப்புக்கூட்டம் வருகிறது என்று தயாராகிவிடலாம்.

கலப்புக்கூட்டம்

பனிக்காலச் சோலையில் அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு திடீரென்று ஐந்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு இனம் தலைக்கு மேலே ஓடும். இனப்பெருக்க காலத்தில் தனித்தனி எல்லை பிடித்த பறவைகள், குளிரில் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடுகின்றன. கண்கள் அதிகம் இருந்தால் வல்லூறு வருவது முன்கூட்டியே தெரியும். ஒன்று கலைக்கும் பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும். சாம்பல்தலை ஈபிடிப்பான், பட்டாணிக்குருவி, தலைகீழாகத் தண்டில் இறங்கும் பசையெடுப்பான், மின்சிட்டு, கதிர்க்குருவிகள், ஒரு மரங்கொத்தி, சில நேரம் ஒரு கரிச்சான். சேர்க்கை நாளுக்கு நாள் மாறும்.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, முதலில் கண்ணில் படும் வெள்ளைக்கண்ணியையே எண்ணிக்கொண்டிருப்பது. அவை முப்பது நாற்பது இருக்கும், எங்கும் போகாது. சத்தமில்லாத பறவைகளை முதலில் பாருங்கள்: தண்டு, நடுக்கிளை, கடைசியில் உச்சி என்ற வரிசையில். கூட்டம் பெரும்பாலும் ஒரே திசையில், விளிம்பை ஒட்டியே நகரும். பின்னாலேயே துரத்தினால் வால்களைத்தான் பார்ப்பீர்கள். திசை தெரிந்ததும் சாலை வழியே அவற்றை முந்திச் சென்று நாற்பது மீட்டர் தள்ளி நின்றால், முழுக் கூட்டமும் மறுபடி உங்களைக் கடக்கும். முதல் தடவையில் விட்டதை இரண்டாவது தடவையில் பிடிக்கலாம்.

கூட வருகிறவருக்குக் காட்டும்போது கையை நீட்டாதீர்கள். ஆடை அசைவில் பறவை போய்விடும். மரத்தைக் கடிகார முகமாக நினைத்து, “செண்பக மரம், இரண்டு மணிக் கிளை, நுனி” என்று மெல்லச் சொன்னால் போதும். குழு நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

குழப்பும் பறவைகள்

பனிக்காலத்தில் மட்டும் வரும் குழப்பம் ஒன்று உண்டு. நீலகிரி ஈபிடிப்பான் இங்கேயே வாழ்வது. ஆண் கருநீலம், பெண் மங்கிய சாம்பல். வடக்கிலிருந்து வரும் வெர்டிட்டர் ஈபிடிப்பானும் நீலம்தான். வேலி முனையிலோ காய்ந்த கிளையிலோ நிமிர்ந்து உட்காரும் பழக்கமும் ஒன்று. வெர்டிட்டர் வெளிர்ந்த, பசுமை கலந்த நீலம். கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்புத் திட்டு உண்டு. நீலகிரி ஈபிடிப்பானின் வாலடியில் இரு புறமும் வெள்ளைத் திட்டு, பறக்கும்போது பளிச்சென்று தெரியும். வெயில் நேராகப் படும்போது இருண்ட நீலமும் வெளிர்ந்து காட்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் வாலடியைப் பாருங்கள்.

கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஈபிடிப்பான் சோலைக்கே உரிய பறவை. ஆணின் தலையும் சிறகும் கறுப்பு, பெண்ணுக்கு அந்த இடத்தில் பழுப்பு. தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே இதைத் தேடிப் பயனில்லை. பூச்சி ரீங்கரிப்பது போன்ற மெல்லிய, நீண்ட ‘ப்பீ’தான் அடையாளம். வயதானவர்கள் காதுக்கு அந்த உயர் ஒலி எட்டாமல் போகலாம்; கூட ஓர் இளையவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்க்குருவிகளை உருவத்தை வைத்துப் பிரிக்க முயன்றால் பொழுது போய்விடும். எல்லாம் பச்சை, எல்லாவற்றுக்கும் புருவக்கோடு. குரலைக் கேளுங்கள். பெரிய அலகுக் கதிர்க்குருவி ‘டிர்-டீ’ என்று இரண்டாவது ஒலியை உயர்த்திச் சொல்லும். அடர்ந்த, ஈரமான பகுதியில்தான் இருக்கும். டிக்கெல் கதிர்க்குருவி அடிப்பக்கம் மஞ்சள் பூசியது. உயரத்துக்குப் போகாமல் புல்வெளி ஓரத்துத் தாழ்ந்த புதரில் ‘ச்செக்’ என்று ஒற்றை ஒலி. பசுங்கதிர்க்குருவி மூன்று அசையில் பேசும். குரல் கேட்காத கதிர்க்குருவியைக் ‘கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

சிரிப்பானைத் தேட வேண்டியதில்லை, அதுவே அறிவிக்கும். ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்து ‘பீ-கோக்கோ’ என்று புதருக்குள்ளிருந்து அமளி செய்யும். சாம்பல் மார்பு, வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. ஊருக்குள் தோட்ட வேலியில்கூட வரும். தவிட்டுப்பழமும் முள்ளிப் பழங்களும் உள்ள புதருக்கு எதிரில் நின்றால் அருகிலேயே பார்க்கலாம். 1869-ல் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்ட் இதற்குப் பெயர் வைத்தபோது, பழனிமலையில் இதைச் சேகரித்த மிஷனரி ஃபேர்பேங்கின் பெயரைச் சூட்டினார். இப்போது பழனிச் சிரிப்பான் என்கிறோம்.

நீலகிரி போய் வந்தவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். அங்கே பார்த்த நீலகிரிச் சிரிப்பானை இங்கேயும் பட்டியலில் எழுதிவிடுவார்கள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. குளிர்ந்த உச்சியை விட்டு இறங்காத பறவைக்கு அந்தத் தாழ்வான இடைவெளி கடல் மாதிரி. அதனால் கணவாய்க்கு வடக்கே மோவாய் கறுத்து மார்பு சிவந்த நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான். சோலைக்கிளியும் அப்படியே: வடக்கில் விலாப்புறம் செம்பழுப்பான நீலகிரிச் சோலைக்கிளி, இங்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இந்தச் சிரிப்பான்களுக்கும் சோலைக்கிளிகளுக்கும் தனிப் பேரினங்கள் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த வகைப்பாட்டுத் தொகுதிகள்) வேண்டும் என்று ஆய்வாளர் வி.வி. ராபினும் உடன் பணியாற்றியவர்களும் 2017-ல் மரபணு ஆதாரத்தோடு காட்டினார்கள். கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையின் நேரக்கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பறவைப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

குரலைப் போட்டுக் கூப்பிடுவது

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பது சுலபம், அதனால்தான் பரவிவிட்டது. செய்யாதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. குளிர் இரவைத் தாண்ட வேண்டிய பத்துப் பதினைந்து கிராம் உடலுக்கு அந்த வீண் செலவு சிறியது இல்லை. சாலை ஓரத்துச் சோலைக்கிளி ஒன்றுக்கு வாரத்துக்கு ஐம்பது பேர் குரல் போட்டால், பிறகு அது அந்த இடத்தைவிட்டே விலகும். கைபேசியைப் பதிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். விமானப் பயன்முறையில் வைத்து, ஒலிவாங்கியைப் பறவைப் பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம் விழாமல் பிடித்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடுப்பகல்

10.30-க்கு மேல் சோலை அடங்கும். இப்போது கழுத்தை நிமிர்த்துங்கள். வெயிலில் சூடேறிய காற்று பாறைச்சரிவு வழியே எழும். தெற்குப் பக்க மலைவிளிம்பில், வட்டக்கானல் பகுதியிலிருந்து பார்த்தால் கருங்கழுகு மரத்தலைகளைத் தொடுவதுபோல மெதுவாக மிதக்கும். சிறகடிப்பது அபூர்வம், சிறகு நுனிகள் விரல்போல் விரிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். பாறைத் தகைவிலான்கள் அதே காற்றில் பூச்சி பிடிக்கும். விளிம்பில் நின்று பைனாகுலரைத் தூக்கியபடி அடியெடுத்து வைக்கக் கூடாது. பார்க்கும்போது கால் நிற்கட்டும், நடக்கும்போது பைனாகுலர் மார்பில் தொங்கட்டும்.

புல்வெளிப் பறவைகளுக்கு மன்னவனூர்ப் பக்கம் போகலாம். புதர்ச்சிட்டு வேலிக்கம்பியில் நிற்கும். பூனைப்பருந்து தாழப் பறக்கும். நீலகிரி நெட்டைக்காலி தேட வேண்டிய பறவை. அதற்கு வேண்டியது மேட்டுநிலத்துப் பழைய புல்வெளி, அது இங்கே சுருங்கிக்கொண்டே போகிறது. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பைன், தைல மரம், சீகை (வாட்டில் மரம்) ஆகியவற்றின் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பைன் தோப்பில் நின்று பறவை இல்லையே என்று வருந்துகிறவர்கள் அதன் அடியில் ஒரு செடிகூட இல்லாததைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் சமவெளியிலிருந்து மேகம் ஏறி மலையை மூடும். பார்வை பத்து மீட்டராகிவிட்டால் விளிம்பை விட்டு வந்துவிடுங்கள். ஆனால் விடுதிக்கு ஓட வேண்டாம். மெல்லிய மேகத்தில் பறவைகள் தாழ இறங்கித் தீவிரமாக இரை தேடும், மரத்தலையில் இருப்பதெல்லாம் கண்மட்டத்துக்கு வரும். காற்று படாத பக்கத்துச் சரிவில் அரை மணி நேரம் காத்துப் பாருங்கள். மழையாகவே மாறினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு இறங்கிவிடலாம். உயரம் குறைவு, நிழல்மரங்களில் குக்குறுவானும் மின்சிட்டும் இருக்கும்.

காட்டுமாடு

கொடைக்கானலில் புலியைவிடக் காட்டுமாட்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். ஊர்ச்சாலையிலேயே நிற்கும், அதனால் சாது என்று நினைத்துவிடுகிறார்கள். பைனாகுலரில் மூழ்கியிருப்பவருக்குப் பத்தடி பின்னால் அது வந்து நிற்பது தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிலும் திரும்பிப் பாருங்கள். குறைந்தது முப்பது மீட்டர் இடைவெளி. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது. ஒற்றை ஆண் மாடு தலையைத் தாழ்த்தி மூச்சை உரக்க விட்டால், திரும்பி ஓடாமல் பின்னோக்கி மெல்ல நகர்ந்து பெரிய மரத்துக்கோ வண்டிக்கோ பின்னால் போய்விடுங்கள். மேகமூட்டத்தில் தொழுவ வாசனை அடித்தால் அதுவே எச்சரிக்கை.

புதரில் கை வைக்கும் முன் இலையைப் பாருங்கள். செந்தட்டி பட்டால் அன்றைய நாள் சொறிவதிலேயே போய்விடும்.

மாலை

நான்கு மணிக்குப் பிறகு காலையில் நின்ற அதே இடத்துக்குத் திரும்ப வேண்டாம். அங்கே இப்போது நிழல். மேற்குப் பார்த்த விளிம்புக்குப் போங்கள், கடைசி வெயில் அங்கே இருக்கும். பழம் பழுத்த மரம் ஒன்றைக் காலையிலேயே குறித்து வைத்திருந்தால் இப்போது பலன் தரும். நீலகிரி காட்டுப்புறா இந்த நேரத்தில் வந்து, இவ்வளவு பெரிய பறவையா என்று வியக்கும்படி அசையாமல் இலைக்குள் உட்காரும். கழுத்துப் பின்புறம் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டம். விழும் பழத்தின் சத்தத்தையும் பட்படவென்ற சிறகொலியையும் வைத்துத்தான் பெரும்பாலும் இருப்பது தெரியும்.

சூரியன் மறைவது 6.15 வாக்கில். ஆனால் சோலை 5.45-க்கே இருட்டிவிடும். மர உள்ளான் பகலெல்லாம் இலைக்குப்பையில் பதுங்கியிருந்து, அந்தி மயங்கியதும் சதுப்பு ஓரத்துக்குப் பறந்து போகும் பனிக்கால விருந்தாளி. அதற்காகக் காத்திருக்க ஆசைப்படுகிறவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்காமல், வண்டி பக்கத்தில் இருக்க, இரண்டு பேராகவாவது நில்லுங்கள். பறக்கும்போது பருத்த உடலும் கீழ்நோக்கிய நீண்ட அலகும் சில நொடிகள் தெரியும், அவ்வளவுதான்.

குறிப்பேட்டை அன்றே முடித்துவிடுங்கள். ஒரே இடத்தில் நின்ற ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் தனிப் பட்டியல்: தொடங்கிய நேரம், இடம், வெயிலா மேகமா, ஒவ்வொரு இனமும் எத்தனை, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றும்போது பார்த்த எல்லாவற்றையும் சேர்த்த முழுப் பட்டியலாகக் கொடுங்கள். அரியதை மட்டும் எழுதி, சின்னானையும் காகத்தையும் விட்டுவிட்டால் பின்னால் யாருக்கும் பயன்படாது. எழுதத் தோதான இடம் டீக்கடைதான். உள்ளே நுழையும் முன் பைனாகுலரைப் பைக்குள் வைத்து மூடிவிட்டுப் போங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கடையின் ஆவி படிந்தால் துடைத்தாலும் மறுபடி மறுபடி மூடும். பைக்குள் அரை மணி நேரம் இருந்து மெல்லச் சூடானால் ஒன்றும் ஆகாது.